கண்ணில் நிழல் தெரிந்தால்: அசைகிறதா, நிற்கிறதா?

நான் ப்ரூஃப் பார்க்கிறவள். திருவல்லிக்கேணியில் குடியிருந்துகொண்டு ராயப்பேட்டைப் பக்கத்து அச்சகங்களுக்கு முப்பது வருஷமாகப் பிழை திருத்தித் தருகிறேன். புரட்டாசி பிறந்தால் எங்களுக்குத் தீபாவளி மலர் வேலை வந்துவிடும், ராத்தூக்கம் போய்விடும். மூன்று வருஷத்துக்கு முன் அப்படியொரு சனிக்கிழமை, ஒரு சிறுகதையின் நடுவே வேண்டாத இடத்தில் ஒரு காற்புள்ளி இருந்தது. சிவப்பு மையால் அடித்தேன். இரண்டு சொல் தள்ளி இன்னொரு காற்புள்ளி. அதையும் அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனால், அது மெல்ல நழுவி அடுத்த வரிக்கு இறங்கியது.

அன்றைக்குச் சனிக்கிழமை. அடுத்த சனிக்கிழமை காலையில் என் வலது கண்ணில் ஆபரேஷன். நடுவில் இருந்த அத்தனை நாளும் வலி என்று ஒரு பொட்டு வலி கிடையாது. அதுதான் என்னை ஏமாற்றியது. பல்வலி வந்தால் ராத்திரியே டாக்டரைத் தேடுகிற நான், கண்ணுக்குள் ஒன்று கிழிந்துகொண்டிருந்தபோது பக்க எண் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் நான் செய்யத் தவறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் நிழல் தெரிந்த முதல் ஐந்து நிமிஷத்தில் வீட்டிலேயே எதைப் பார்க்க வேண்டும், எப்போது செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடையுங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு நிழல் அங்கேதான் இருக்கும். அப்புறம் நான்கைந்து தடவை நன்றாகக் கண்ணைச் சிமிட்டுங்கள். சிமிட்டியதும் மங்கல் மாறினால், விலகினால், பெரும்பாலும் கண்ணீர்ப் படலம் காய்ந்துபோன விவகாரம். நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்ப்பவர்களுக்கும் ஏசி காற்றில் உட்காருபவர்களுக்கும் சாதாரணமாக வருவது.

அதற்கும் போகவில்லையா? ஒரு உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி குவித்து இடது கண்ணை மூடுங்கள். விழியை அழுத்தக் கூடாது, வெளிச்சம் மட்டும் மறைந்தால் போதும். வலது கண்ணால் பாருங்கள். அப்புறம் மாற்றி மூடிப் பாருங்கள். இதை நான் நான்கு நாள் செய்யவே இல்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது ஒன்றில் இல்லாததை மற்றது நிரப்பிக் கொடுத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி நம் வீட்டில் தீர்ந்துபோன சர்க்கரையைக் கேட்காமலே கொண்டுவந்து வைப்பது போல. தீர்ந்துபோனது நமக்கே தெரியாது.

ஒரு கண்ணை மூடினால் நிழல் போய்விடுகிறது என்றால், கோளாறு அந்தக் கண்ணில். எந்தக் கண்ணை மூடினாலும் ஒரே பக்கத்தில், உதாரணமாக இரண்டு கண்ணிலும் இடது பாதியில், பார்வை இல்லை என்றால் கோளாறு கண்ணிலேயே இருக்காது, மூளையில் இருக்கலாம். இரண்டு கண்ணும் பார்க்கிற இடது பாதி மூளையின் வலது பக்கத்துக்குத்தான் போகிறது. திடீரென்று அப்படி ஆனால் கண் ஆஸ்பத்திரியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, இந்தத் தலைப்பில் இருக்கிற கேள்வி. வெள்ளைச் சுவரையோ மொட்டைமாடியில் நின்று வெறும் வானத்தையோ பாருங்கள் (சூரியன் பக்கம் வேண்டாம்). விழியை இடமும் வலமுமாக நகர்த்திச் சட்டென்று நிறுத்துங்கள். விழி நின்ற பிறகும் நிழல் கொஞ்சம் ஆடி, மிதந்து, அப்புறம் அடங்குகிறதா? அது அசையும் நிழல். கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லில் மிதக்கிற ஏதோ ஒன்று. அப்படி இல்லாமல், நீங்கள் எங்கே பார்த்தாலும் அதே மூலையில் ஒட்டிக்கொண்டு வருகிறதா? அது நிற்கும் நிழல். புதிதாக வந்த நிற்கும் நிழலுக்கு ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்பதே கிடையாது.

எந்த மூலை என்று தெரிந்துகொள்ள என் வழி தினத்தாள் காலண்டர். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி, தேதியின் பெரிய எண்ணையே பாருங்கள். பார்வையை நகர்த்தாமலே காலண்டர் அட்டையின் நாலு மூலையும் தெரிகிறதா? மேலே சாமி படம் தெரிகிறதா, கீழே ராகுகாலம் எழுதிய வரி இருப்பது தெரிகிறதா? படிக்க முடிய வேண்டாம், இருப்பது தெரிந்தால் போதும். வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு இடது கீழ் மூலை இல்லை. அட்டை மடங்கிவிட்டது என்று நினைத்துக் கையால் நீவிவிட்டேன்.

சரி, அந்தக் காற்புள்ளி என்ன?

விழியின் பின்சுவரில் ஒட்டியிருக்கிற, வெளிச்சத்தை உணர்கிற மெல்லிய படலம்தான் விழித்திரை; டாக்டர்கள் ரெட்டினா என்பார்கள். விழிக்குள் லென்ஸுக்குப் பின்னாலிருந்து அந்த விழித்திரை வரைக்கும் ஒரு தெளிவான ஜெல் நிரம்பியிருக்கிறது. ஏறக்குறைய 4 மில்லி, முக்கால் டீஸ்பூன். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மிச்சம் நுண்ணிய நார்களும் கொழகொழப்பும். சின்ன வயதில் வெட்டிய நுங்கு மாதிரி கெட்டியாக இருக்கும். வயதாக ஆகத் தண்ணீர் விட்டுக்கொள்ளும். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அந்தத் திரளின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் நாம் பூச்சி என்கிறோம், நூல் என்கிறோம், நான் காற்புள்ளி என்றேன். பசியில் ‘கண்ணில் பூச்சி பறக்குது’ என்பார்களே, அது வேறு. தலைசுற்றலில் வந்து போவது. இது போகாது.

ஐம்பதைத் தாண்டியவர்களில் நிறையப் பேருக்கு ஒருநாள் இந்த ஜெல் சுருங்கி, பின்பக்கம் விழித்திரையிலிருந்து கழன்று வந்துவிடும். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கும் புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இன்னும் சீக்கிரம். முக்கால்வாசிப் பேருக்குச் சத்தமில்லாமல் கழன்றுவிடும். சில இடங்களில் ஜெல் கொஞ்சம் அழுத்தமாக ஒட்டியிருக்கும். அங்கே கழலும்போது விழித்திரையை இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதற்குத் தெரிந்தது வெளிச்சம் ஒன்றுதான். இழுத்தாலும் ‘வெளிச்சம்’ என்றே மூளைக்குச் சொல்லும்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி, விளக்கை அணைத்துப் படுத்து விழியைத் திருப்பியபோது வலது ஓரத்தில் வில் மாதிரி ஒரு மின்னல். மழை வரப்போகிறது என்று எழுந்து, கொடியில் கிடந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். வானத்தில் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. திரும்பி வந்து படுத்தேன். மறுபடி மின்னியது. கண்ணை மூடினாலும் மின்னியது. மூடிய கண்ணுக்குள் மின்னுவது மழை மின்னல் இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

திங்கட்கிழமை வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் ஒன்றுக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “கண்ணு சுத்தமா இருக்கும்மா. வயசானா பூச்சி பறக்கத்தான் செய்யும். நீங்க கண்ணுக்கு ரொம்ப வேலை கொடுக்கறீங்க.” சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னது பொதுவாகப் பொய்யும் இல்லை. புதிதாகப் பூச்சியும் மின்னலுமாக வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஜெல் கழன்றதோடு முடிந்துவிடும். ஆனால் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு விழித்திரையில் கிழிசல் இருக்கும். அந்த ஒருவர் நீங்கள்தானா என்பது டார்ச்சில் தெரியாது. பாப்பா, அதாவது கருவிழி நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம், விரிய மருந்து போட்டு, விழித்திரையின் ஓரம் வரைக்கும் பார்த்தால்தான் தெரியும். டார்ச் அடித்துப் பார்ப்பது மேலட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே பிழை இல்லை என்பது போல. எனக்குக் கிட்டப்பார்வை, பவர் மைனஸ் ஒன்பது என்பதை அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. அதனால் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “பாப்பா விரிய மருந்து போட்டு ரெட்டினாவின் ஓரம் வரை பார்க்க வேண்டும்.” எந்தக் கண் டாக்டரிடமும் கூச்சப்படாமல் கேட்கலாம்.

மைனஸ் பவர் அதிகம் என்றால் என்ன ஆபத்து? சாதாரண விழி முன்னிருந்து பின்னாக 24 மில்லிமீட்டர் அளவு இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அது இன்னும் நீண்டிருக்கும். விழித்திரையே கால் மில்லிமீட்டர் கனம்தான், இரண்டு மூன்று ப்ரூஃப் தாளை அடுக்கிய அளவு. நீண்ட விழியில் அது இழுபட்டு ஓரத்தில் இன்னும் மெலிந்திருக்கும். கண்ணாடியை எடுத்துவிடலாம் என்று லேசர் செய்துகொண்டவர்களும் இதில் சேர்த்திதான். கண்ணாடி போயிற்றே தவிர விழியின் நீளம் போகவில்லை.

கிழிசல் விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னையில் இருக்கிறவர்களுக்கு விளக்குவது சுலபம். சுவரில் ஒட்டிய போஸ்டரை மழைக்காலத்தில் பார்த்திருப்பீர்கள். ஒட்டினபடியே இருக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. எங்கோ ஒரு மூலையில் யாராவது கிழித்துவிட்டால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போய், மறுநாள் பாதிப் போஸ்டர் தொங்கும். விழித்திரையும் அப்படித்தான் உரிகிறது. கிழிசல் வழியாக ஜெல்லின் தண்ணீர் பின்னால் புகுந்து, சுவரிலிருந்து அதைத் தூக்கிவிடுகிறது. தூக்கிய இடத்தில் பார்வை இல்லை. அதுதான் நிற்கும் நிழல். விழிக்குள் காட்சி தலைகீழாக விழுவதால் மேல்பக்கம் உரிந்தால் கீழேயிருந்து நிழல் ஏறும்; கீழ்ப்பக்கம் உரிந்தால் மேலேயிருந்து திரை இறங்கும். எனக்கு உரிந்தது வலது கண்ணில் மேலே, காதுப் பக்கம். நிழல் தெரிந்தது கீழே, மூக்குப் பக்கம். என் மூக்கு இவ்வளவு பெரிதா என்று ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறேன்.

புதன்கிழமை ராத்திரி, காற்புள்ளி ஒன்று இரண்டாக இருந்தது போய், யாரோ மிளகுத்தூளை ஊதிவிட்டதுபோல நூறு நூறாகப் புள்ளி. கிழிசலில் ஒரு சின்ன இரத்தக் குழாயும் அறுந்தால் அப்படி வருமாம். அந்த ராத்திரியே போயிருந்தால் லேசரோடு முடிந்திருக்கலாம். கிழிசல் இருந்தும் இன்னும் உரியவில்லை என்றால், அதைச் சுற்றி லேசரால் பொட்டுப் பொட்டாகச் சுட்டு, தழும்பு கட்டி ஒட்ட வைத்துவிடுவார்கள். ஓ.பி.யிலேயே முடிந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒட்டு நன்றாகப் பிடிக்க இரண்டு வாரம் போல ஆகும்.

வெள்ளிக்கிழமை காலையில் என் தங்கை வந்து, நான் அவள் முகத்தைப் பார்க்கும்போது தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன் என்று சொன்ன பிறகுதான் கிளம்பினேன். ஆட்டோவில் எழும்பூர். ருக்மணி லட்சுமிபதி சாலையில் இருக்கிற அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகிலேயே பழைய கண் ஆஸ்பத்திரி என்பார்கள். ஓ.பி. சீட்டு வாங்குகிற இடத்தில் “பார்வை மங்கல்” என்று மட்டும் சொன்னால் புரைக்காரர்களோடு வரிசையில் உட்காரவேண்டியதுதான். “ஆறு நாளாகப் பூச்சியும் மின்னலும், நேற்றிலிருந்து கீழே கறுப்புத் திரை” என்று என் தங்கை சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர், சுருக்கமாகச் சொல்லத் தெரியும். உடனே உள்ளே அனுப்பினார்கள்.

எழும்பூருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கல்லூரிச் சாலையில் 1978-இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா இருக்கிறது, பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் அரவிந்த் இருக்கிறது. எங்கே போனாலும் கிளம்புவதற்கு முன்பே போன் செய்து ஒரே கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு ரெட்டினா டாக்டர் பார்ப்பாரா? கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக்கொள்வது இதற்கு வழியில்லை. பவர் மாறியதால் ஓரத்தில் கறுப்புத் திரை வராது.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். சொட்டு மருந்தை இரண்டு மூன்று தடவை விடுவார்கள், லேசாக எரியும். பாப்பா விரிய இருபது முப்பது நிமிஷம். அப்புறம் டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து, “மேலே பாருங்க, காது பக்கம் பாருங்க, மூக்கு பக்கம் பாருங்க” என்பார். இமை மேல் ஒரு சின்னக் கம்பியால் அழுத்தவும் செய்வார். ஓரத்தை உள்ளே தள்ளிப் பார்க்க. வெளிச்சம் கூசும், சகிக்க முடியாத வலி இல்லை. உள்ளே இரத்தம் கசிந்து ஒன்றும் தெரியவில்லை என்றால் மூடிய இமை மேல் ஜெல் தடவி ஸ்கேன் எடுப்பார்கள். வெளியே வரும்போது நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்து எழுத்து தெரியாது, வெயில் கண்ணைக் குத்தும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கூலிங் கிளாஸ் இல்லாவிட்டால் தங்கையின் குடை போதும்.

ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் திரும்ப வரச் சொல்வார்கள். போங்கள். ஜெல் முழுக்கக் கழன்று முடியாதவர்களுக்குக் கிழிசல் பிற்பாடும் விழலாம். நடுவில் புள்ளி பெருகினாலோ திரை தெரிந்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

எல்லா நிழலும் இந்தக் கதை இல்லை. எனக்கு நடந்த பிறகு தெருவில் ஆளுக்கொரு நிழலைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுகிறார்கள், நான்தான் ஏதோ படித்தவள் மாதிரி. அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

மாடி வீட்டு அக்காவுக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. ஒருநாள் காலையில் கண்ணுக்குள் கறுப்பு நூல் தொங்குகிறது, புகை மாதிரி இருக்கிறது என்றார். சர்க்கரை விழித்திரையில் புதுசு புதுசாக மெலிந்த இரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும். அவை வெடித்துக் கசிந்தால் இப்படித்தான். அதுவும் அன்றைக்கே காட்ட வேண்டியது. சர்க்கரை உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மருந்து போட்டு ரெட்டினாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதற்காகத்தான்.

என் தங்கை மகளுக்கு வருவது வேறு. நடுவில் ஒரு புள்ளி தொடங்கி, கோட்டை மதில் மாதிரி வளைந்து வளைந்து மினுமினுத்துப் பெரிதாகும். இரண்டு கண்ணையும் மூடினாலும் தெரியும். இருபது முப்பது நிமிஷத்தில் போய்விடும், அப்புறம் ஒற்றைத் தலைவலி. ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி வந்தால் பயமில்லை, டாக்டரிடம் சொல்லிவைத்தால் போதும். வாழ்க்கையில் முதல் தடவை, அதுவும் ஐம்பதுக்கு மேல் வருகிறது என்றால் மைக்ரேன் என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள்.

மாமாவின் புகார் முகத்தின் நடுவில் நிழல். ஆளைப் பார்த்தால் காது தெரிகிறது, மூக்கு தெரியவில்லை. ஜன்னல் கம்பி நடுவில் வளைந்து தெரிகிறது. இது விழித்திரையின் நடுப்புள்ளியில் வருவது. வீட்டில் சோதிக்க, பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நடுவே ஒரு பொட்டு வையுங்கள். வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு அடி தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு கண்ணாகப் பொட்டையே பாருங்கள். கட்டம் எங்காவது வளைகிறதா, அழிந்திருக்கிறதா? புதிதாக வளைந்தால் இரண்டொரு நாளுக்குள் ரெட்டினா டாக்டர். வயதானவர்களுக்குத்தான் என்று இல்லை. நாற்பது வயதுக்காரர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்கும் நடுவில் நீர் கோத்துச் சாம்பல் வட்டம் தெரிவதுண்டு.

எழுத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு மங்கலான எழுத்து, நிலாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நிலா, ஒரு கண்ணை மூடினாலும் அப்படியே என்றால் பெரும்பாலும் புரை அல்லது பவர். மெதுவாக வந்தது, மெதுவாகப் பார்க்கலாம்; இந்த மாதத்துக்குள் ஒரு நாள். ஆனால் கண்ணை ஓயாமல் கசக்குகிற பள்ளிப் பிள்ளை இப்படிச் சொன்னால் கருவிழி கூம்பிப்போகிறதா என்று பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

கண் பிரஷர் என்கிற கிளாக்கோமா வந்தால் ஓரத்துப் பார்வை வருஷக்கணக்கில் தேயும், நிழலாகக்கூடத் தெரியாது. படியில் இடறுவதும் பக்கத்தில் வருகிற ஆளை இடிப்பதும்தான் அடையாளம். அப்பா அம்மாவுக்கு இருந்தால் நாற்பதிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். அதிலேயே திடீரென்று வருகிற ஒரு வகை உண்டு: கண் சிவந்து, தாங்க முடியாத வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி. வாந்தியைப் பார்த்து வயிற்றுக்கோளாறு என்று சோடா குடித்துக்கொண்டிருப்பார்கள். அது அந்த மணி நேரத்திலேயே கண் ஆஸ்பத்திரி.

இன்னொன்று, எல்லாவற்றிலும் ஏமாற்றுக்கார நிழல். ஒரு கண்ணில் திரை இறங்கும், சில நிமிஷத்தில் தானாகவே ஏறிவிடும், பார்வை பழையபடி ஆகிவிடும். “சரியாப் போச்சு” என்று மறந்துவிடுவார்கள். அது பெரும்பாலும் கழுத்திலிருந்தோ இதயத்திலிருந்தோ ஒரு துணுக்கு வந்து கண்ணின் இரத்த ஓட்டத்தை மறித்துவிட்டு நகர்ந்தது. பக்கவாதத்துக்கு முன்னோட்டமாக இருக்கலாம். திரை ஏறினாலும் ஏறாவிட்டாலும் உடனே அவசரப் பிரிவுள்ள பெரிய ஆஸ்பத்திரி. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற ஜி.ஹெச். மாதிரி. கூடவே வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு கை தொங்குவது இருந்தால் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போடுவார்கள், டாக்டர் கேட்கிற முதல் கேள்வி “எத்தனை மணிக்கு?” என்பதுதான். ஐம்பது அறுபதைத் தாண்டியவருக்குத் தலைமுடி வாரினால் வலி, மென்றால் தாடை வலி, கூடப் பார்வை மங்கல் என்றால் அதுவும் அன்றைக்கே.

வீட்டு வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு, விளக்கெண்ணெய் விடச் சொன்னவர்கள் உண்டு. கண்ணுக்கு வெளியே விடுவது எதுவும் விழித்திரைக் கிழிசலை ஒட்டாது. திருஷ்டி சுற்றிப் போட்டார்கள், அதில் கெடுதல் இல்லை. ஆட்டோ வருகிற வரைக்கும் சுற்றலாம்.

என் விழித்திரையின் நடுப்புள்ளி இன்னும் உரியவில்லை என்று பார்த்துச் சொன்னார்கள். “நாளைக்குக் காலையிலேயே” என்றார் டாக்டர். நடு உரிவதற்கு முன் ஒட்டினால் பார்வை ஏறக்குறைய பழையபடி வரும். உரிந்த பிறகு ஒட்டினால் ஒட்டும், ஆனால் எழுத்து பழையபடி வருமா என்பது சொல்ல முடியாது. ப்ரூஃப்காரிக்கு வேறென்ன சொல்ல வேண்டும்? கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டு, ஜெல்லை எடுத்துவிட்டு, கிழிசலை லேசரால் சுற்றி அடைத்து, உள்ளே வாயு நிரப்பினார்கள். சிலருக்கு விழிக்கு வெளியே சிலிக்கான் பட்டை கட்டுவார்கள், சிலருக்குச் சிலிக்கான் எண்ணெய் விட்டுச் சில மாதம் கழித்து எடுப்பார்கள். எது யாருக்கு என்பது உரிந்த இடத்தைப் பொறுத்தது.

அப்புறம் ஒரு வாரம் தலையைக் கவிழ்த்தே இருக்க வேண்டும், வாயுக் குமிழி மேலெழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்க. எல்லாருக்கும் கவிழ்ந்தே இருக்கச் சொல்வதில்லை, சிலருக்கு ஒருக்களித்து. சொன்ன பக்கத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் பழைய தட்டச்சு மேஜையில் இரண்டு தலையணை அடுக்கி நெற்றியை வைத்துக்கொண்டேன். காப்பியை ஸ்ட்ராவில் குடித்தேன். ஏழு நாளும் என் கால் விரல்களைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் மேலே ஒரு கீற்றுத் தெளிவு வந்தது. அதற்குக் கீழே நடுங்குகிற ஒரு கோடு, வாயுக் குமிழியின் விளிம்பு, டம்ளரில் தண்ணீர் மட்டம் மாதிரி. தலை ஆடினால் அதுவும் ஆடும். நாளுக்கு நாள் அந்தக் கோடு இறங்கியது. முதலில் சுவர்க் கடிகாரம் தெரிந்தது, அப்புறம் காலண்டரில் சாமி படம், அப்புறம் தேதி. கடைசியில் கொத்தனாரின் ரசமட்டத்தில் இருக்கிற குமிழி அளவுக்கு ஆகி அடியில் உருண்டுகொண்டிருந்தது. ஒருநாள் தேடினேன், காணோம்.

வாயு இருக்கிற வரைக்கும், வகையைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை, விமானம் ஏறக் கூடாது. மலையும் ஏறக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணுக்குள் பிரஷர் ஏறிவிடும், பார்வையே போய்விடலாம். இது தெரியாமல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் என்னைத் திருமலைக்கு அழைத்துவருவதாக மாமா வேண்டிக்கொண்டிருந்தார், காரும் பேசியாயிற்று. “பெருமாள் எங்கேயும் போகமாட்டார், ரெண்டு மாசம் கழிச்சுப் போங்க” என்று நர்ஸ் அம்மா கோபித்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் பல்லுக்கோ வேறெதற்கோ மயக்கமருந்து கொடுப்பதாக இருந்தால், கண்ணில் வாயு இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில மயக்க வாயுக்களும் அதையே செய்யும்.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு புரை சீக்கிரம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் வந்தது, எடுத்தாயிற்று. இடது கண்ணிலும் ஒரு மெலிந்த இடத்தைக் கண்டுபிடித்து லேசர் வைத்தார்கள். கட்டெறும்பு கடிக்கிற அளவு வலி. ஒரு கண்ணுக்கு வந்தால் மற்றதையும் ஓரம் வரை பார்க்கச் சொல்லுங்கள். கிட்டப்பார்வை அதிகமுள்ள கூடப்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேதி கிழிக்கும்போது ஒவ்வொரு கண்ணாக மூடி நாலு மூலையையும் பார்ப்பேன். காலண்டர் அட்டைக்குப் பின்னால் ஒரு துண்டுத் தாள் செருகியிருக்கிறேன், அவசரத்தில் நாக்கு குழறினாலும் கவுண்டரில் நீட்டலாம் என்று. எந்தக் கண், எந்தப் பக்கம், எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து, அசைகிறதா நிற்கிறதா, மின்னல் உண்டா; இவற்றுக்கு இடம் விட்டிருக்கிறேன். கீழே பவர், சர்க்கரை, பி.பி., சாப்பிடுகிற மாத்திரைகள், ஆபரேஷன் ஆன தேதி, தங்கையின் போன் நம்பர்.

அம்பத்தூரில் இருக்கிற எங்கள் அண்ணனுக்கு மைனஸ் ஏழு. இதுவரை ஒரு தடவைகூட மருந்து போட்டுப் பார்த்ததில்லை. போன பொங்கலுக்கு அவருக்கும் அதே மாதிரி ஒரு தாள் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, “ஒற்று ஒண்ணு விட்டுப்போச்சே” என்றார்.